கம்பிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

கட்டில்மேல் ஒரே ஒரு கோட்டுதான் மிச்சம் இருந்தது. அது வெர்னுடையது இல்லை.

வெர்னின் மனைவி லோரீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்புக் கான்வாஸ். காலர் தேய்ந்து வழுவழுத்திருந்தது. முழங்கையில் டிராக்டர் எண்ணெய். மொன்டானாவின் அந்தக் கிழக்கு மூலையில் மாடு வைத்திருக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் குளிர்காலம் பூராவும் இதே கோட்டில்தான் திரிவார்கள், பள்ளிக்கூடச் சீருடை போட்ட மாதிரி. விசேஷ வீட்டுக்கு வந்தால் கழற்றிப் படுக்கையறைக் கட்டிலில் குவிப்பார்கள். போகும்போது குவியலில் கைவிட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று தோளைக் குலுக்கிப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். மாறிப் போனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மாற்றிக்கொள்வார்கள். அது ஒரு விஷயமே இல்லை.

பைக்குள் கையை விட்டாள். வைக்கோல் கட்டும் கயிறு. கன்றின் காதில் குத்தும் மஞ்சள் வில்லை. பாதி தீர்ந்த புதினா மிட்டாய்ச் சுருள்.

காலரைப் புரட்டினாள். துவைத்தாலும் போகாத மையில் எழுதியிருந்தது: ஆர்லன்.

அவள் தம்பி.

லோரீனின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே இன்று பெல்ட் இல்லை. துக்கத்துக்குப் போட்ட கறுப்பு கவுன்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

அவளுடைய பிஸ்டல் வெர்னின் கோட்டுப் பையில் இருக்கிறது. வெர்னின் கோட்டு ஆர்லனின் உடம்பில் இருக்கிறது.

*

அந்த பிஸ்டல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிடி எவ்வளவு குட்டை என்றால் சுண்டுவிரலுக்கு இடம் கிடையாது, அது கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் வாய் பெரிது. பாயிண்ட் நாற்பத்தைந்து தோட்டா. வெர்ன் வாங்கிக் கொடுத்தபோது சொன்னான், "சின்னதா இருந்தாத்தான் நீ எடுத்துட்டுப் போவே. பெருசா வாங்கினா அலமாரியில தூங்கும்." மாட்டுச் சந்தை ஆபீஸில் அவளுக்கு வேலை. விடியாத வேளையில் ஆளரவமற்ற மண்சாலையில் தனியாகப் போகவேண்டும், பாதி வழியில் போன் எடுக்காது. முதல்முறை சுட்டபோது மணிக்கட்டு ஒரு வாரம் வலித்தது. அப்புறம் பழகிவிட்டது. ஸ்வெட்டருக்கு அடியில் இருப்பது வெளியே தெரியாது. அவளுக்கே தெரியாது, நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி மாதிரி.

இன்று மத்தியானம் பெரியவர் எமில் ருஸ்டாட்டை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். சர்ச்சில் சூடேற்றும் அடுப்பு கெட்டுப்போனதால் சாப்பாட்டை லோரீன் தன் வீட்டிலேயே வைத்தாள். வெண்ணெய் தடவிய பன்னில் பன்றித்தொடை, உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சேர்த்து ஓவனில் வேகவைத்த பெரிய தட்டு, பக்கத்து வீட்டு மேவிஸ் கொண்டுவந்த ஆரஞ்சு ஜெல்லி, குடம் குடமாகக் காப்பி.

சாப்பாட்டுக்கு முன்னால் அவள் வாசல் கதவருகே நின்றுகொண்டு ஒரு காரியம் செய்தாள். வந்த ஒவ்வொருத்தரையும் மறித்தாள்.

"ஹார்லன் சித்தப்பா, இடுப்புல இருக்கிறதை வண்டியிலயே வச்சுப் பூட்டிட்டு வாங்க."

"ஏம்மா, பாதிரியார்கூட எங்களைத் தடவிப் பாக்கலையே! அதை எடுத்தா என் பேன்ட் கழண்டு விழும். பெல்ட்டையே அதுதான் புடிச்சுட்டிருக்கு."

"விழுந்தா விழட்டும். எமில் தாத்தா மேல இருந்து பாத்துச் சிரிப்பார். போங்க, வச்சுட்டு வாங்க."

"என் பொண்டாட்டி கைப்பைக்குள்ளயும் ஒண்ணு இருக்கு. அவளை நீதான் கேக்கணும். எனக்கு அவகிட்ட பயம்."

சிரித்துக்கொண்டே எல்லோரும் பனியில் திரும்பி நடந்து வண்டிக்குப் போய்விட்டு வந்தார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆர்லன் வருகிறான்.

போன வருஷம் மழை பொய்த்தது. ஆர்லன் தாய்ப்பசுக்களில் பாதியை விற்றான். இலையுதிர்காலத்தில் அவன் மனைவி ஜாய்ஸ் இரண்டு பெட்டியோடு பில்லிங்ஸ் நகரத்துக்குப் போனவள் திரும்பவில்லை. நவம்பரில் ஒருநாள் காலை அவனே போன் செய்தான். "அக்கா, பெரிய வண்டியை எடுத்துட்டு வா. வீட்டுல இருக்கிற துப்பாக்கி எல்லாத்தையும் கொண்டுபோயிடு. ஏன்னு மட்டும் கேக்காத." அவளும் வெர்னும் போனார்கள். மான் வேட்டைத் துப்பாக்கி, இரட்டைக்குழல், அப்பா விட்டுப்போனது, எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். அவன் நிலத்தின் வாசலில், மாடு தாண்டாதிருக்கக் குழிமேல் இரும்புக் கம்பிகளை அடுக்கிய பாலம் ஒன்று உண்டு. அதுவரை கூடவே நடந்து வந்தான். அங்கே நின்று சொன்னான்: "இந்தக் கம்பிக்கு உள்ளார இனி இது ஒண்ணுகூட வரக்கூடாது. நானா கேக்குற வரைக்கும்."

அவற்றை வைத்துப் பூட்டிய இரும்பு அலமாரியின் சாவி லோரீனின் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்ந்து கிடக்கிறது.

அத்தனை பேரையும் வாசலில் மறித்தவள் தன்னுடையதை எப்படி விட்டாள்? பந்தி நடுவே ஒரு தலையீத்துக் கிடேரிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். இரண்டு நாளாகக் கன்றுக்குட்டிகளை ஓநாய்நரி இழுக்கிறது. அலமாரி மேல் இருந்த பிஸ்டலை எடுத்தாள், கவுனில் இடமில்லை, கதவருகே மாட்டியிருந்த வெர்னின் கோட்டைப் போட்டுக்கொண்டு அதன் பையில் போட்டாள். திரும்பி வந்தபோது "லோரீன், காப்பி பொங்குது!" என்று மேவிஸ் கத்தினாள். கோட்டைக் கழற்றிக் கட்டில் குவியலில் எறிந்துவிட்டு ஓடினாள்.

அவ்வளவுதான். காப்பி பொங்கியது.

*

வெர்ன் கொட்டகையிலிருந்து வந்தான். கையெல்லாம் ரத்தமும் சளியும். உடம்பில் பழைய மழைக்கோட்டு.

"என் கோட்டு எங்க? எவனோ மாத்தி எடுத்துட்டான்னு நினைச்சேன். கன்னுக்குட்டிக் கால் ரெண்டும் வெளிய வந்தாச்சு, நான் குளிர்ல விறைச்சுப் போயிட்டேன், லோரி."

அவள் ஆர்லனின் கோட்டைத் தூக்கிக் காட்டினாள். 

"ஆர்லனா? சரி, அவன்தானே. விடு, ஞாயித்துக்கிழமை…"

"அதுல என்னோடது இருக்கு, வெர்ன்."

"எது?"

அவள் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். அவன் முகம் மாறியது. மெதுவாகச் சமையல்கட்டுக் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"தோட்டா போட்டா?"

"பின்னே? வெறும் இரும்பையா தூக்கிட்டுப் போவாங்க?"

"போன் பண்ணினியா?"

அவள் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆர்லனின் சமையல்கட்டுச் சுவரில், ஜாய்ஸ் ஒட்டிய கோழிப்படக் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தப் போன் அலறுவது அவள் கண்முன் தெரிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"அவன் எப்ப கிளம்பினான்?"

"யார் பாத்தா? நான் தட்டு கழுவிட்டிருந்தேன். மேவிஸ்தான் வாசல்ல நின்னா."

மேவிஸ் வீடு அடுத்த மேட்டில்தான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"லோரீன்! என் ஜெல்லிக் கிண்ணத்தை அங்கயே விட்டுட்டேனா? நான் ஒரு மறதி மாங்கா…"

"மேவிஸ், ஆர்லன் போனதைப் பாத்தியா?"

"பாத்தேனே. எனக்கு முந்தி கிளம்பிட்டான். ஆனா பாவம், இன்னைக்குக் கொஞ்சம் தெம்பாத்தான் தெரிஞ்சான். ரெண்டு பன் தின்னான். நான் பாத்துட்டே இருந்தேன்."

"கிளம்புறப்ப எதாவது சொன்னானா?"

"சொல்ல என்ன இருக்கு? கோட்டை மாட்டினான். பையில கையை விட்டான். அப்படியே நின்னுட்டான். நான் கேட்டேன், என்னப்பா, சாவியைத் தொலைச்சிட்டியான்னு."

"அதுக்கு?"

"இல்ல மேவிஸ், தொலைக்கல, ஒண்ணு கிடைச்சிருக்குன்னான். சிரிச்சான். அப்புறம் போயிட்டான். ஏன் லோரீன், என்ன? லோரீன்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

தெரியாமல் எடுத்துப் போகவில்லை. இந்த வீட்டுக்குள் நிற்கும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்துப் போயிருக்கிறான்.

"நான் போறேன்," என்றான் வெர்ன். "நீ இரு."

"கிடேரி?"

"கிடேரி கிடக்குது!"

"கால் ரெண்டும் வெளிய வந்தாச்சுன்னு நீதானே சொன்னே. விட்டா ரெண்டும் சாகும். வெர்ன், நீ போய் நின்னா அவன் உன்னைப் பாத்துக் கூனிக்குறுகிப் போயிடுவான். நான் போறேன். அந்தச் சாவி என் கழுத்துலதான் கிடக்குது."

"ஷெரீஃபுக்குச் சொல்லவா?"

"அவங்க வர ஒரு மணி நேரமாகும். விளக்கைச் சுத்தவிட்டுட்டு போலீஸ் வண்டி அவன் முற்றத்துல வந்து நின்னா…" அவள் முடிக்கவில்லை. "இருட்டுறதுக்குள்ள யாரும் எடுக்கலைன்னா அவங்களுக்குச் சொல்லு. போனைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் அவன் வீட்டுக்கு அடிச்சிட்டே இரு. நிறுத்தாத."

அவள் தன் கனத்த கோட்டை கவுன்மேலேயே மாட்டினாள், பூட்சில் காலை நுழைத்தாள், ஆர்லனின் கோட்டைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"லோரி," வெர்ன் வாசலில் நின்று கூப்பிட்டான். "உன் தப்பு இல்ல."

"அதை அப்புறமா சொல்லு."

*

வடக்கிலிருந்து காற்று பிடித்திருந்தது. வானத்திலிருந்து பனி விழவில்லை; விழுந்து கிடந்த பனியைத்தான் காற்று தரையோடு தரையாக வாரி இழுத்துக்கொண்டு போனது. சாலை வெள்ளாவிப் புகைக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. வேலிக்கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. அதை அடையாளம் வைத்துத்தான் வண்டியை ஓட்டினாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தாலும் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

சாலையில் ஆர்லனின் வண்டித் தடம் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். காற்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

என்னென்னவோ ஓடியது. சின்ன வயதில் அவன் குளத்துப் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்து, இவள் வேலிக்கட்டையை நீட்டி இழுத்தது. அன்றைக்கு அவன் அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பருகே உட்கார்ந்த பிறகுதான் அழுதான். இன்றைக்குப் பந்தியில் பன்றித்தொடையை அறுக்கக் கத்தி கேட்டானே. யாரோ, யார் அது, ஹார்லனா, "நீ உக்காருப்பா, நான் அறுத்துத் தரேன்" என்று கத்தியை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தினாரே. அவன் அதைப் பார்த்தான். எல்லோரும் பார்ப்பதையும் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் பன்னை வாயில் வைத்தான்.

அதே வீட்டில், அவன் தோளில், அவன் கையில், நான் என்னத்தைக் கொடுத்து அனுப்பினேன்!

கடைசி மேடு ஏறினாள். கீழே அவன் நிலத்து வாசல். கம்பிப் பாலம்.

வாசலில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

அவள் காலை பிரேக்கில் அழுத்தினாள். வண்டி வழுக்கிச் சாய்ந்து நின்றது. பழுப்புக் கோட்டு. கம்பத்தோடு ஒட்டி நின்றிருந்தான். அசையவில்லை. தலை குனிந்திருந்தது. குனிந்திருந்ததா? தலையே தெரியவில்லை.

"ஆர்லன்!"

இறங்கி ஓடினாள். காற்று கவுனைக் காலோடு சுற்றியது. முழங்கால் அளவு பனியில் விழுந்து எழுந்தாள். "ஆர்லன்! டேய்!"

ஆள் இல்லை.

கோட்டு மட்டும்தான். கம்பத்தின் தோளில் மாட்டி, காற்றில் பறந்துவிடாமல் கழுத்திலிருந்து அடிவரை ஒவ்வொரு பித்தானாகப் போட்டு நிறுத்தியிருந்தது. கைகள் இரண்டும் விறைத்து முன்னால் நீண்டிருந்தன. மடிப்புகளில் பனி ஏறிவிட்டது.

வலது பையில் கையை விட்டாள். கையுறை ஒன்று அடைத்திருந்தது. அதற்கும் அடியில், கனமாக, பனிக்கட்டியாகச் சில்லிட்டு, அது இருந்தது.

தோட்டாக் கூட்டைக் கழற்றினாள். விரல் சொன்னபடி கேட்கவில்லை. இழுத்து உள்ளே பார்த்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். வெடி மணம் இல்லை, எண்ணெய் மணம்தான். வைத்தது வைத்தபடி இருந்தது. ஒன்றும் குறையவில்லை.

கம்பத்தில் சாய்ந்து ஒரு மூச்சு விட்டாள். அடுத்த மூச்சை உள்ளே இழுத்தபோது குளிர் நெஞ்சைக் கிழித்தது. அப்போது இன்னொரு பயம் வந்தது.

இந்தக் குளிரில் அவன் கோட்டு இல்லாமல் எங்கே போனான்?

*

ஓடுகிற பனியில் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை; உள்ளே தள்ளி, சரிவின் அடியில் இருந்தது. வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தாள். முன்சக்கரம் கம்பிப் பாலத்தைத் தொட்டு முதல் கம்பி கடகடத்ததும் நிறுத்தினாள்.

பக்கத்து இருக்கையில் பிஸ்டல் கிடந்தது.

இந்தக் கம்பிக்கு உள்ளார ஒண்ணுகூட வரக்கூடாது.

யாரும் பார்க்கப் போவதில்லை. வண்டியின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் அவனுக்குத் தெரியவே தெரியாது. நடந்தால் நேரமாகும், ஒருவேளை நேரம்தான் எல்லாமாக இருந்தால்? அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் இந்த இடத்தில் நின்று, இந்தக் குளிரில், ஒவ்வொரு பித்தானாகப் போட்டிருக்கிறான். போட எத்தனை நேரம் ஆகியிருக்கும்! அதை அவள் டயரால் மிதித்துக்கொண்டு போக முடியாது.

வண்டியைப் பின்னால் எடுத்தாள். தோட்டாவை ஒரு இடத்திலும் பிஸ்டலை ஒரு இடத்திலும் பூட்டினாள். கதவுகளைப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து கவுனுக்குள் விட்டாள். ஆர்லனின் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்பிகளின் மேல் பூட்சைக் குறுக்காக வைத்து வைத்துக் கடந்தாள். அந்தப் பக்கம் இறங்கியதும் ஓட ஆரம்பித்தாள்.

ஓட்டம் கொஞ்ச தூரம்தான். அப்புறம் நடை. அப்புறம் காற்றில் முதுகைக் கொடுத்துப் பின்பக்கமாக நடை. இமை ஒட்டியது. வழியில் பனிக்குவியலைப் பார்த்தபோதெல்லாம் நின்று காலால் தள்ளிப் பார்த்தாள். ஒரு இடத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து தொட்டாள். டயர் துண்டு.

சரிவில் இறங்கியதும் அவன் வண்டி தெரிந்தது. ஓட்டுநர் கதவு திறந்தே கிடந்தது. இருக்கைமேல் பனி ஏறியிருந்தது.

வீட்டுக் கதவைத் தள்ளினாள். "ஆர்லன்!" சமையல்கட்டில் போன் அலறிக்கொண்டிருந்தது. வெர்ன் நிறுத்தவில்லை. மேசைமேல் மூடியிட்ட மருந்துப் புட்டி. தூக்கிக் குலுக்கினாள், நிறைய இருந்தது. படுக்கையறை. குளியலறை. அந்தக் கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை.

பின்வாசலில் நாய் நின்றுகொண்டு அவளைப் பார்த்தது, ஈத்துக் கொட்டகைப் பக்கம் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது.

கொட்டகையில் விளக்கு எரிந்தது.

*

"கதவைச் சாத்துக்கா! காத்து உள்ள வருது!"

அவன் வைக்கோலில் படுத்துக் கிடந்தான். துக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்திருந்தான். இரண்டு குதிகாலையும் கிடேரியின் தொடையில் முட்டுக்கொடுத்து, கன்றின் கால்களில் மாட்டிய சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான். உதடு ஊதா நிறம். உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

லோரீன் கதவில் சாய்ந்து நின்றாள். 

"பாத்துட்டே நிக்காத. வந்து ஒரு சங்கிலியைப் புடி. அது முக்கும்போதுதான் இழுக்கணும். வண்டி இரைச்சலே கேக்கலையே, எங்க வண்டி?"

"வெளிய. கம்பிக்கு அந்தப் பக்கம்."

சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பனி பிடித்த முடி, ஈரம் சொட்டும் கவுன், கக்கத்தில் தன் கோட்டு.

"நடந்தா வந்தே?"

"நீ மட்டும் சட்டையோட வரலாமா?"

கிடேரி முக்கியது. இருவரும் இழுத்தார்கள். மூக்கு வந்தது, அப்புறம் நெற்றி மாட்டிக்கொண்டது. "விடாத, விடாத, இப்ப கீழ்வாக்குல இழு," என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். தோள் கழன்றதும் கன்று மொத்தமாக வழுக்கி இருவர் மடியிலும் விழுந்தது. ஆவி பறந்தது. ஆர்லன் அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தான். அது தும்மியது.

அதன் பிறகுதான் அவள் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே கழுத்தை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"பையில கை விட்டப்பவே தெரியும்ல? அங்கயே என்கிட்ட குடுத்தா என்னடா?"

"எப்படிக் குடுப்பேன்? வாசல்ல நின்னு ஊரையே மறிச்சவ நீ. அத்தனை பேர் முன்னால உன்னோடதை நான் எடுத்து நீட்டவா? அதுவும் நான்!" அவன் பற்கள் தந்தியடித்தன. "ஏற்கெனவே கறி வெட்டற கத்தியக்கூட எனக்குத் தராம ஒளிச்சானுங்க. நான் பையிலிருந்து அதை எடுத்தேன்னா பாதிப் பேர் மேசைக்கடியில பாஞ்சிருப்பானுங்க. வெளிய உன் வண்டியில வச்சிடலாம்னு போனேன். அங்க ஹார்லன் சித்தப்பா, நாலஞ்சு பேர் புகைச்சிட்டு நின்னாங்க. சரி, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவோம்னு கிளம்பினேன்."

"அப்புறம்?"

அவன் கன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்புறம் திரும்ப முடியல. அது பக்கத்துல உக்காந்து வர்ற மாதிரியே இருந்துச்சுக்கா. எவ்ளோ சின்னதா இருக்கு! ஆனா வண்டி பூரா அதுதான் இருந்துச்சு. கம்பிப் பாலம் வந்ததும் காலு தானா பிரேக்ல விழுந்துச்சு. தனியா அதை எடுத்துப் போட எனக்குத் தைரியம் இல்ல. கையில எடுத்தா…" நிறுத்தினான். "அதான் எடுக்கவே இல்ல. கோட்டோட கழட்டி மாட்டிட்டேன்."

அவள் அவன் கோட்டை அவன் தோளில் போர்த்தினாள். கையை ஒவ்வொன்றாக நுழைத்துவிட்டாள். பித்தானைப் போட்டாள்.

"பயமா இருக்குக்கா," என்றான் அவன். "இன்னைக்கு வாசல்வரைக்கும் வந்திடுச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"இன்னைக்கு ராத்திரி இங்கயே இரேன்."

நவம்பருக்குப் பிறகு அவன் வாய்திறந்து கேட்டது இதுதான். அவள் தலையாட்டினாள். வீட்டுக்குள் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"மாமாவா?"

"ஆமா. நிறுத்தாதன்னு சொல்லியிருக்கேன். போய் நீயே எடு. உன் குரலைக் கேட்டாத்தான் அந்த ஆளு நம்புவார்."

அவன் எழுந்தான். கதவைத் திறந்தபோது ஓடுகிற பனி ஒரு கணம் விலகி, சரிவுக்கு மேலே வாசல் கம்பம் மங்கலாகத் தெரிந்தது. கைகளை நீட்டிக்கொண்டு அது ஆள் மாதிரியே நின்றது.

"மாமா கோட்டைக் கழட்டாமலேயே வந்துட்டியா?"

"பித்தான் எல்லாம் உறைஞ்சு போச்சு. பையில ஒண்ணும் இல்ல, பாத்துட்டேன். காலையில எடுத்துக்கலாம்."

ஆர்லன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். கைகள் பழக்கத்தில் தன் கோட்டுப் பைக்குள் போயின. கயிறு, வில்லை, மிட்டாய். ஒரு மிட்டாயை உருவி அவளிடம் நீட்டினான்.

"இருக்கட்டும்," என்றான். "இன்னைக்கு ராத்திரி வாசல்ல அவர் நிக்கட்டும்."

போனை எடுக்க வீட்டுப் பக்கம் நடந்தான். லோரீன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அவன் கதவைத் திறந்து உள்ளே போவதை, விளக்கு எரிவதை, மணி நிற்பதை, அங்கிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.